வகுப்பறைக்குள் வர வேண்டிய பயிற்சி

ஆட்டிசம் பற்றிய ஆசிரியர் பயிற்சிகளில், கேள்வி நேரம் வந்ததும் பின்வரிசையிலிருந்து எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “நீங்க சொல்றதெல்லாம் சரிங்க சார், பையனை எப்படி ஒரு இடத்துல உட்கார வைக்கிறது?” காலையிலிருந்து மூளை வளர்ச்சி, சமூகத் தொடர்பு, புலனுணர்வு என்று படம் போட்டு விளக்கிய பயிற்சியாளருக்கு அந்தக் கேள்வி சற்று ஏமாற்றம் தரலாம். ஆனால் அதைக் கேட்பவர் இரண்டு மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவர். நாளைக் காலை ஒன்பதரை மணிக்கு அவர் அந்தக் குழந்தையின் முன் நிற்க வேண்டும். அவர் கேட்டதற்குப் பதில் சொல்லாத பயிற்சி எதுவாக இருந்தாலும் அது பயிற்சி ஆகாது. ஆசிரியர்களைத் தயார்செய்வது குறித்து உலகம் இதுவரை என்ன கற்றிருக்கிறது, அது நம் அரசுப் பள்ளியின் வாசலைத் தாண்ட எது தடையாக நிற்கிறது என்பதை இங்கே பார்க்கலாம்.

உலகில் நூறு குழந்தைகளில் ஒருவர் ஆட்டிச நிலையில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சில ஆண்டுகள் சொல்லிவந்தது. அதன் அண்மைய மதிப்பீடு 127 பேரில் ஒருவர். அமெரிக்காவில் எட்டு வயதுக் குழந்தைகளிடையே 2022ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கின்படி 31 பேரில் ஒருவர். வரையறை விரிவடைந்ததும் கண்டறிதல் கூடியதும் இந்த வேறுபாட்டுக்குப் பெரிய காரணங்கள். எல்லாவற்றிலும் குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் ஐந்நூறு பேர் படிக்கும் பள்ளியில் ஏறக்குறைய நான்கு குழந்தைகள் இருப்பார்கள். அவர்களில் பலர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ‘அடங்காதவன்’, ‘திமிர் பிடிச்சவன்’, ‘கூப்பிட்டா திரும்பாதவ’ என்று வேறு பெயர்களில் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அமைதியாக ஒதுங்கியிருக்கும் பெண் குழந்தைகள் இன்னும் எளிதாகத் தப்பிவிடுகிறார்கள். ஆகவே இந்தப் பயிற்சியைச் சிறப்புப் பள்ளி ஆசிரியர்களின் தனி விவகாரமாக ஒதுக்க முடியாது. ஒன்றாம் வகுப்பு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் இது தேவை.

சட்டம் இதை ஒப்புக்கொள்ள வெகுநாள் எடுத்தது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் பட்டியலிடப்பட்டன. ஆட்டிசம் அதில் இல்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது, ஆனால் அதன் கவலை பெரும்பாலும் பாதுகாவலர் பற்றியது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்துக்குள் இந்தக் குழந்தைகள் 2012 திருத்தத்தால் தெளிவாக வந்தார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக விரித்து ஆட்டிசத்தையும் சேர்த்தது. ஒருங்கிணைந்த கல்விக்கு ஆசிரியர்களையும் பணியாளர்களையும் பயிற்றுவது அரசின் கடமை என்றும் அதன் 17ஆம் பிரிவு எழுதி வைத்தது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒருபடி மேலே போனது. அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ள ஐந்து குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தைச் சொன்னதோடு, பொதுப் பள்ளிகளின் மற்ற ஆசிரியர்களுக்கும் கட்டாயப் பயிற்சி வேண்டும் என்றது. 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம், சிறப்பாசிரியர் பணியிடங்களை அறிவித்து நிரப்புங்கள் என்று மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. உத்தரவுக்கும் வகுப்பறைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதற்கு அந்த இரண்டாவது உத்தரவே சாட்சி.

இந்தத் தூரத்துக்கு ஒரு காரணம் நம் ஆசிரியர் கல்வியின் அமைப்பிலேயே இருக்கிறது. பொது ஆசிரியரைத் தயாரிக்கும் படிப்புகளுக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் பொறுப்பு. சிறப்பாசிரியர் படிப்புகளுக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமம் பொறுப்பு. இரண்டு அமைப்புகள், இரண்டு பாடத்திட்டங்கள், இரண்டு கல்லூரிகள். 2014க்குப் பிறகு வந்த இரண்டாண்டு பி.எட். பாடத்திட்ட வரைவில் ‘அனைவரையும் உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குதல்’ என்று ஒரு தாள் உண்டு. அதுவும் அரைத் தாள். பார்வை, செவித்திறன், இயக்கம், அறிவுத்திறன், கற்றல் குறைபாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆட்டிசத்துக்கு எஞ்சுவது சில பக்கங்கள். மறுபுறம், ஆட்டிசத்தையே சிறப்புப் பாடமாகப் படித்து வரும் சிறப்பாசிரியருக்கு நாற்பது பேர் கொண்ட வகுப்பை நடத்திய அனுபவம் இருப்பதில்லை. படிக்கும் காலத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இந்த இருவரும் பின்னாளில் ஒரே குழந்தைக்காகச் சேர்ந்து திட்டம் போட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

பணியில் சேர்ந்த பிறகு கிடைக்கும் பயிற்சி அடுக்கடுக்காக இறங்கி வருவது. 2019இல் தொடங்கிய நிஷ்தா போன்ற தேசியத் திட்டங்களில் மேல்மட்டக் கருத்தாளர்கள் மாநிலக் கருத்தாளர்களுக்கும், அவர்கள் மாவட்டத்துக்கும், மாவட்டத்தினர் வட்டார வளமையத்துக்கும் சொல்லித் தருகிறார்கள். பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் இதில் பெரும்பகுதி இணையவழிக்கு மாறிவிட்டது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருவதற்குள் எவ்வளவு மிஞ்சும் என்பது டெல்டாவில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு அடுக்கிலும் முதலில் உதிர்வது எடுத்துக்காட்டு. அடுத்து உதிர்வது தயக்கமும் கேள்வியும். கடைசியில் வந்துசேர்வது வரையறை: ‘ஆட்டிசம் என்பது ஒரு நரம்பியல் வளர்ச்சிக் குறைபாடு’. ஏப்ரல் 2 வந்தால் நீல நிற வில்லை அணிந்து உறுதிமொழி எடுக்கும் பள்ளிகள் பெருகிவிட்டன. விழிப்புணர்வு வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் விழிப்புணர்வைப் பயிற்சி என்று கணக்கில் எழுதும்போது நாம் ஆசிரியரைக் கைவிடுகிறோம்.

தகவல் மட்டும் போதாது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. 1980களின் தொடக்கத்திலேயே அமெரிக்கக் கல்வியாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்கள்: விளக்கம் கேட்டு, செய்துகாட்டுவதைப் பார்த்து, தானும் ஒருமுறை செய்து பார்த்த ஆசிரியர்கள்கூட, வகுப்புக்குத் திரும்பிய பின் பழைய வழியிலேயே நடக்கிறார்கள், வகுப்பிலேயே ஒருவர் கூட இருந்து வழிகாட்டும்போதுதான் புதிய திறன் நிலைக்கிறது. ஆட்டிசத்தில் இதைச் சோதித்தவர்களுள் முக்கியமானவர் அப்போது கென்டக்கியில் பணியாற்றிய லிசா ரூபிள். ‘காம்பஸ்’ என்று பெயரிட்ட அவருடைய முறை வியக்கத்தக்க அளவு எளியது. கல்வியாண்டின் தொடக்கத்தில் பெற்றோரும் ஆசிரியரும் வழிகாட்டியோடு ஏறக்குறைய மூன்று மணி நேரம் உட்கார்ந்து அந்தக் குழந்தைக்கு மூன்று இலக்குகள் வகுக்கிறார்கள். அதன்பின் ஆண்டில் நான்கு முறை, ஆசிரியர் அந்த இலக்குகளைக் கற்பிக்கும் காட்சியை முன்வைத்து அவரும் வழிகாட்டியும் பேசுகிறார்கள். அவ்வளவுதான். 2010இல் வெளியான முதல் ஆய்வில், வழக்கமான சேவை மட்டும் பெற்ற குழந்தைகளைவிட இந்தக் குழந்தைகள் தங்கள் இலக்குகளில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். 2013இல் வெளிவந்த இரண்டாவது ஆய்வுதான் நமக்கு இன்னும் பயன்படும். அதில் ஒரு பிரிவு ஆசிரியர்களுக்கு ஆட்டிசம் குறித்த இணையப் பாடங்கள் மட்டும் தரப்பட்டன. மற்ற இரு பிரிவினருக்கு வழிகாட்டல் கிடைத்தது, ஒரு பிரிவுக்கு நேரிலும் இன்னொன்றுக்கு இணையக் காணொளி வழியாகவும். வழிகாட்டல் பெற்ற இரு பிரிவுகளின் குழந்தைகளும் முந்தினார்கள். தொலைவிலிருந்து வழிகாட்டினாலும் பலன் கிடைக்கிறது என்றால், கூடலூரிலோ கல்வராயன் மலையிலோ பணியாற்றும் ஆசிரியருக்கும் இது எட்டக்கூடியதுதான்.

அமெரிக்காவில் 60 பள்ளிகளில் 197 மாணவர்களோடு நடந்த, 2018இல் வெளியான மற்றோர் ஆய்விலும் இதே திசைதான். ‘ஸ்கர்ட்ஸ்’ என்ற கற்பித்தல் முறையில் வகுப்பறை வழிகாட்டல் பெற்ற ஆசிரியர்களின் மாணவர்கள், இணையப் பாடங்கள் மட்டும் கிடைத்த ஆசிரியர்களின் மாணவர்களைவிட வகுப்பில் கூடுதலாக ஈடுபட்டார்கள். எல்லாம் நல்ல செய்தி என்றும் சொல்லிவிட முடியாது. ஃபிலடெல்ஃபியா அரசுப் பள்ளிகளில் டேவிட் மேண்டெல் குழுவினர் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியும் ஆலோசனையும் கிடைத்த பின்னும் பல ஆசிரியர்களால் தாங்கள் பயின்ற முறையின் ஒரு பகுதியைத்தான் வகுப்பில் கடைப்பிடிக்க முடிந்தது. ஆய்வகத்தில் பலன் தந்த முறை, ஆள் பற்றாக்குறையும் இடமாறுதலும் சத்தமும் நிறைந்த நகரப் பள்ளிக்குள் வரும்போது தேய்கிறது. இந்த ஆய்வைப் படித்துவிட்டு ஆசிரியரைக் குறை சொல்வது எளிது; நான் அதைப் பயிற்சியை வடிவமைத்தவர்களுக்கான பாடமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

சரி, வகுப்பில் கூட நிற்பவர் எதைச் சொல்லித்தர வேண்டும்? இங்கே வரலாற்றைச் சற்றுப் பார்த்தாக வேண்டும். 1950, 60களில் ஆட்டிசத்துக்குத் தாயின் அன்பின்மையே காரணம் என்ற கொடிய கருத்து செல்வாக்கோடு இருந்தது. புரூனோ பெட்டல்ஹைம் அதைப் பரப்பியவர்களில் முதன்மையானவர். அவர் பணியாற்றிய சிக்காகோ பல்கலைக்கழகத்திலேயே படித்த எரிக் ஷாப்ளர் அதை மறுத்து, பெற்றோரையே சக பயிற்றுநர்களாக்கினார். அவர் உருவாக்கிய ‘டீச்’ திட்டம் 1972இல் வட கரோலினா மாநிலம் முழுமைக்குமான அரசுத் திட்டமானது. குழந்தையை மாற்றும் முன் அறையை மாற்று என்பது அதன் அடிப்படை. இப்போது என்ன நடக்கிறது, எவ்வளவு நேரம் நடக்கும், எப்போது முடியும், அடுத்து என்ன என்ற நான்குக்கும் குழந்தையின் கண்ணெதிரே பதில் இருக்க வேண்டும். படங்களை வரிசையாக ஒட்டிய அட்டை, முடிந்த வேலையைப் போட ஒரு கூடை, ஒவ்வொரு செயலுக்கும் ஓர் இடம். பின்வரிசை ஆசிரியர் கேட்ட கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி இதில் இருக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத குழந்தைக்கு உட்கார முடிவதில்லை.

தமிழ்நாட்டு ஆசிரியருக்கு இது அந்நியமான ஒன்று அல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஏணிப்படி இருந்தது. தான் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்து எந்த அட்டையை எடுக்க வேண்டும் என்பதைக் குழந்தை தானே பார்த்துத் தெரிந்துகொண்டது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளுக்குப் பாடம் நடத்த ஆசிரியர்கள் பழகியிருக்கிறார்கள். படஅட்டையும் நிலைக்கேற்ற பாடமும் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. அதே வகுப்புகளின் பாட்டும் கைதட்டலும் குழு மாற்றமும் ஆட்டிசக் குழந்தைக்குத் தாங்க முடியாத இரைச்சலாகவும் ஆகலாம். எதை வைத்துக்கொள்வது, எதைத் தணிப்பது என்று ஆசிரியரோடு உட்கார்ந்து யோசிக்க ஒருவர் இருந்தால் பாதித் தொலைவு கடந்துவிடும். வெளிநாட்டுப் பயிற்சித் தொகுப்பை அப்படியே இறக்குமதி செய்கிறவர்கள் நம் பள்ளியில் ஏற்கெனவே இருப்பதைப் பார்ப்பதே இல்லை என்பது என் நீண்டநாள் வருத்தம்.

புலனுணர்வைப் பற்றியும் நம் பள்ளியின் பொருள்களைக் கொண்டே பேச வேண்டும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கரகரக்கும் ஒலிபெருக்கி, தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணி, சத்துணவுக் கூடத்தின் தாளிப்பு வாசம், புதுச் சீருடையின் கஞ்சி மொடமொடப்பு, ஆண்டுவிழா ஒத்திகைக்காகத் திடீரென்று கைவிடப்பட்ட பாடவேளை. புலனுணர்வு மிகையாகவோ குறைவாகவோ இருப்பதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013இல்தான் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன் படித்து வந்த ஆசிரியர், காதைப் பொத்திக்கொண்டு ஓடும் குழந்தையை ஒழுக்கக்கேடாகப் பார்த்ததில் வியப்பில்லை. மணி அடிக்கும் முன் அந்தக் குழந்தைக்கு மட்டும் ஒரு சைகை காட்டுவதற்குச் செலவு எதுவும் இல்லை. மணி அடிக்கும் வேலையை அவனிடமே கொடுத்தால் சில குழந்தைகளுக்கு அச்சமே விலகிவிடும், சிலருக்கு விலகாது. எந்தக் குழந்தைக்கு எது என்பதைக் கவனித்துத்தான் அறிய முடியும்.

பேச்சு விஷயத்தில் ஆசிரியர்கள் அடிக்கடி தடுமாறுவது சொன்னதையே திருப்பிச் சொல்லும் குழந்தையிடம். “தண்ணி வேணுமா?” என்று கேட்டுத்தான் எல்லோரும் அவனுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே தாகம் எடுக்கும்போது அவனும் “தண்ணி வேணுமா?” என்கிறான். கேலியும் இல்லை, பொருளற்ற ஒலியும் இல்லை. அது அவனுடைய விண்ணப்பம். இந்தத் திரும்பச் சொல்லலில் நோக்கம் உண்டு என்று 1980களில் காட்டியவர் பேரி பிரிசன்ட். மேலே சொன்ன ஸ்கர்ட்ஸ் முறையை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். பேச்சே வராத குழந்தைகளுக்குப் படத்தைக் கொடுத்துப் பொருளைக் கேட்டு வாங்கும் முறையை ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் 1985இல் டெலவேரில் வகுத்தார்கள். இன்று பல சிறப்புப் பள்ளிகளில் பயன்படும் அந்த அட்டைகளில் ரொட்டித் துண்டும் பனிமனிதனும் இருக்கின்றன. இட்லியும் சொம்பும் குடமும் இருக்க வேண்டும். இன்னொரு கெடுதலையும் இங்கே சொல்ல வேண்டும். ‘பள்ளியில் ஆங்கிலம்தானே, வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள், இரண்டு மொழி குழந்தையைக் குழப்பும்’ என்று பெற்றோருக்கு அறிவுரை கூறும் பள்ளிகள் உண்டு. இருமொழிச் சூழல் ஆட்டிசக் குழந்தைகளின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாய் தாலாட்டும் மொழியைக் குழந்தையிடமிருந்து பிடுங்க எந்த ஆசிரியருக்கும் உரிமை கிடையாது.

நடத்தைப் பயிற்சியைப் பொறுத்தவரை பெரிய விவாதம் ஒன்று உண்டு. 1987இல் இவார் லோவாஸ், 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம் தீவிர நடத்தைப் பயிற்சி அளித்ததில் ஒன்பது பேர் இயல்பான கல்வி நிலையை எட்டினார்கள் என்று எழுதினார். உலகெங்கும் பயிற்சி மையங்கள் முளைக்க அந்த ஆய்வு காரணமானது. அதில் அதட்டலும் அடியும்கூட உத்திகளாக இருந்தன. அம்முறையில் வளர்ந்து ஆளான ஆட்டிச நிலையாளர்கள் பலர், கண்ணைப் பார், கையை ஆட்டாதே என்று தங்களைப் பிறர்போல் நடிக்கப் பழக்கியதன் வலியைப் பின்னாளில் எழுதினார்கள். சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிப்பது, செய்ததை உடனே பாராட்டுவது ஆகியவை நல்ல ஆசிரியர் எவருக்கும் பயன்படும். அவற்றை விட வேண்டியதில்லை. ஆனால் கை ஆட்டுவதை நிறுத்துவதையே இலக்காக எழுதும் திட்டத்தை எந்த ஆசிரியரும் கேள்வி கேட்காமல் ஏற்கக் கூடாது. நம் சட்டம் உடல்தண்டனையைத் தடைசெய்திருக்கிறது. ஆட்டிசக் குழந்தைக்கு மட்டும் ‘தெரபி’ என்ற பெயரில் அதற்கு விலக்கு கிடையாது. எதிர்த் திசையிலும் எச்சரிக்கை தேவை. குழந்தையின் கையைப் பிடித்தோ, எழுத்துப் பலகையை முகத்தெதிரே நீட்டியோ குழந்தையே எழுதியதாகக் காட்டும் முறைகளில் எழுதுவது குழந்தைதானா என்பதற்குச் சான்று இல்லை. அமெரிக்கப் பேச்சு, செவித்திறன் வல்லுநர் சங்கம் 2018இல் இவற்றுக்கு எதிராக நிலைப்பாடு எடுத்தது. சான்றைக் கேட்டு வாங்கும் பழக்கத்தையும் ஆசிரியருக்குக் கற்பிக்க வேண்டும், ஏனெனில் பெற்றோர் முதலில் கருத்துக் கேட்பது அவரிடம்தான்.

2012இல் பிரிட்டனைச் சேர்ந்த டேமியன் மில்டன் ஓர் அடிப்படைக் கேள்வி எழுப்பினார். அவரே ஆட்டிச நிலையாளர், சமூகவியலர். புரிதல் குறைபாடு ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. ஆட்டிசம் உள்ளவரை மற்றவர்களும் புரிந்துகொள்வதில்லை, இடைவெளி இருபுறமும் உண்டு என்றார். ஆசிரியர் பயிற்சிக்கு இதன் பொருள் பெரிது. பயிற்சியின் பாதி, ஆசிரியர் தன் பேச்சையும் எதிர்பார்ப்பையும் திரும்பிப் பார்ப்பதாக அமைய வேண்டும். “கொஞ்சம் இருடா” என்பதில் ‘கொஞ்சம்’ எவ்வளவு நேரம்? “அப்புறம் பாத்துக்கலாம்” என்றால் எப்போது? அந்தப் பயிற்சியில் ஆட்டிச நிலையாளர் ஒருவர் பயிற்றுநராக முன்னால் நிற்பது நூறு படவில்லைகளைவிடப் பயன் தரும். பெற்றோர் குரலும் தமிழில் இருக்கிறது: பாலபாரதியின் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’, லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் ‘எழுதாப் பயணம்’ இரண்டும் ஆசிரியர் பயிற்சி நிறுவன நூலகங்களில் இருக்க வேண்டியவை.

ஒரு நல்ல ஆசிரியர் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஆட்டிச நிலையாளரான டெம்பிள் கிராண்டினின் பள்ளிக் காலம் சான்று. மாடுகளை அசையாமல் பிடித்து நிறுத்தும் கூண்டின் அழுத்தம் தன்னையும் அமைதிப்படுத்துவதைக் கண்டு, தனக்கென ஓர் அழுத்தக் கருவி செய்துகொண்டாள் அந்தப் பெண். மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். அறிவியல் ஆசிரியர் வில்லியம் கார்லாக் அதைப் பறிக்கவில்லை. அது ஏன் அமைதி தருகிறது என்பதை ஆராய்ந்து பார் என்று நூலகத்துக்கு அனுப்பினார். வெறிபோல் இருந்த ஆர்வம் படிப்பாக மாறியது. கால்நடை அறிவியலில் பேராசிரியராகி, அமெரிக்க இறைச்சித் துறையில் மாடுகளைக் கையாளும் முறையையே அவர் மாற்றினார். எல்லாக் குழந்தையும் கிராண்டின் ஆகப் போவதில்லை, ஆக வேண்டியதும் இல்லை. பேருந்து எண்களையே பேசும் பையனுக்குக் கூட்டலைப் பேருந்து எண்களில் தொடங்கலாம் என்பதுதான் இதில் ஆசிரியர் எடுத்துக்கொள்ள வேண்டியது.

இப்போது நம் நடைமுறைக்கு வருவோம். சமக்ர சிக்ஷா திட்டத்தில் வட்டார வளமையங்களில் பணிபுரியும் சிறப்பாசிரியர்கள் தொகுப்பூதியத்தில், பல பள்ளிகளுக்குச் சுற்றி வருகிறவர்கள். அவர்கள் வரும் நாளில் வகுப்பாசிரியர் குழந்தையை ஒப்படைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்கிறார். அவர்கள் குழந்தையைத் தனியே வைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த பள்ளிக்குக் கிளம்புகிறார்கள். மீதி நாள்களில் குழந்தை பழையபடி சன்னலோரம். தனியார் பள்ளிகளில் இதன் வேறு வடிவம் ‘ஷேடோ டீச்சர்’: சம்பளம் பெற்றோர் பொறுப்பு, குழந்தையோ முழுக்க அந்த ஷேடோ டீச்சர் பொறுப்பு. இரண்டிலும் வகுப்பாசிரியர் விலகி நிற்கிறார். சிறப்பாசிரியரின் வருகையில் பாதி நேரத்தையாவது வகுப்பாசிரியரோடு செலவிடும்படி அவருடைய பணிவிவரத்தை மாற்றி எழுதலாம். குழந்தை இருக்கும் வகுப்பிலேயே உட்கார்ந்து பார்த்து, பாடவேளை முடிந்ததும் பத்து நிமிடம் பேசினாலே காம்பஸ் முறையின் சாரம் நம் ஊருக்கு வந்துவிடும். அதற்கு அவர்கள் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் வேலை நீடிக்குமா என்ற கவலையோடு இருப்பவரிடம் ஓராண்டு வழிகாட்டலை எதிர்பார்ப்பது அநியாயம். முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும், சென்னையில் 1985இல் தொடங்கிய வித்யாசாகர் போன்ற அமைப்புகளும் பல பத்தாண்டு அனுபவம் கொண்டவை. மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களின் மாணவர்களை ஒரு மாதமாவது அங்கே அனுப்பினால், அரைத் தாளில் படித்தது கண்முன் நடப்பதைப் பார்ப்பார்கள்.

வல்லுநர் அல்லாதவர்களால் இது முடியுமா என்ற ஐயத்துக்கும் தெற்காசியாவிலேயே பதில் உண்டு. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்து 2016இல் வெளியான ஆய்வில், மருத்துவரோ சிகிச்சையாளரோ அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் மேற்பார்வையோடு பெற்றோருக்கு வழிகாட்டினார்கள். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு ஈடுகொடுத்துப் பழகும் விதமும், குழந்தை தானாகத் தொடர்பைத் தொடங்குவதும் மேம்பட்டன. பயிற்சி பெற்ற எளிய மனிதருக்குப் பின்னால் மேற்பார்வை செய்ய ஒருவர் இருந்தார் என்பதே அங்கே முக்கியம். நம் ஆசிரியர்களுக்கு அந்த ஒருவரைத்தான் தராமல் இருக்கிறோம்.

கடைசியாக, செலவே இல்லாமல் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கக்கூடிய ஒன்று. ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகும் ஆட்டிசக் குழந்தையோடு இன்று போவது மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண்ணும்தான். ஐந்தாண்டுகளில் ஆசிரியர் அந்தக் குழந்தையைப் பற்றி அறிந்ததெல்லாம் அந்தப் பள்ளியிலேயே தங்கிவிடுகிறது. எந்தச் சத்தம் ஆகாது, பதற்றம் ஏறும்போது முதலில் என்ன செய்வான், எதைக் காட்டினால் தணிவான், எதைப் பேசினால் முகம் மலரும், எந்த வேலையைத் தனியாகவே செய்வான், கழிப்பறைக்குப் போக எப்படிக் கேட்பான் என்று ஒரு பக்கத்தில் வகுப்பாசிரியரும் பெற்றோரும் சேர்ந்து எழுதி, குழந்தைக்கு இயலுமானால் அவனிடமும் கேட்டு, சான்றிதழோடு இணைக்கலாம். புதிய பள்ளியின் வகுப்பாசிரியரும் பாட ஆசிரியர்கள் அனைவரும் அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். மே மாத விடுமுறையில் ஒருநாள் பெற்றோரோடு அந்தக் குழந்தையை வரச்சொல்லி, ஆளில்லாத பள்ளியில் தன் வகுப்பறையையும் குடிநீர்க் குழாயையும் மணி தொங்கும் இடத்தையும் பார்க்கவிட வேண்டும். இதைச் செய்யத் தலைமையாசிரியரின் அனுமதி போதும்.